'கேரியர்': கர்ப்பிணிகளுக்கான துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

> 'கேரியர்' என்பதற்கு 'நோய்க்கடத்தி' போதாதா? அகராதியிலேயே இருக்கிறதே.

இருக்கிறது, ஐயா. ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்றைப் பற்றிய நம் துண்டறிக்கையில், கிருமியை உடம்பில் சுமப்பவரைக் குறிக்க அதை வைத்துப் படிக்கும்போதுதான் உறுத்துகிறது. பரிசோதனைக்காக வரிசையில் காத்திருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணியிடம் 'நீங்கள் கடத்தி' என்றால் அவருக்குச் செம்புக் கம்பி நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் தங்கத்தோடு பிடிபட்டவர் நினைவுக்கு வருவார். கேரியர் என்றே விட்டாலோ, சாப்பாட்டுக் கேரியர். யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'காவி' எனக்குப் பிடித்திருந்தது. காவுதல் என்றால் சுமத்தல், அங்கே இன்றும் புழங்கும் சொல். ஆனால் இந்தக் கரையில் காவி என்றால் வேட்டியின் நிறம்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் வேறு. கடத்தி, காவி, பரப்பி எல்லாமே ஆளுக்கு வைக்கும் பெயர்கள். நமக்கு வேண்டியது தொற்றின் நிலைக்கு ஒரு பெயர். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே இதில் மனம் மாறிவிட்டார்கள். கல்லீரல் ஆய்வுக்கான ஐரோப்பியச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 'செயலற்ற கேரியர்' என்ற வகைப்பெயரைக் கைவிட்டு, நாட்பட்ட தொற்று, நாட்பட்ட அழற்சி என்று இரண்டாகப் பிரித்தது. கிருமி இருந்தும் கல்லீரல் வீங்காமல் இருக்கலாம் என்பதால் அந்தப் பிரிப்பு தேவைப்பட்டது. நம் ஊரில் ஹெபடைட்டிஸ் பி-யை 'மஞ்சள் காமாலை பி' என்கிறோம். கண் மஞ்சளாகவில்லையே, எனக்கு எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் கேட்டால் அதில் தவறே இல்லை.

அப்படியானால் 'நாட்பட்ட தொற்று' என்றே எழுதலாமே என்பீர்கள். நாள்பட்ட புண், நாள்பட்ட மீன்... கவனிக்காமல் விட்டதன் வாடை அதில் வீசுகிறது. இந்தப் பெண்களில் பலருக்குத் தொற்று வந்ததே அவர்கள் பிறந்தபோதுதான். பிறக்கும்போது தொற்றினால் 10-இல் 9 குழந்தைகளிடம் அது நிலைத்துவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் 100-இல் 5 பேருக்கும் குறைவாகத்தான் நிலைக்கும்.

என் முன்மொழிவு: தங்குதொற்று. கிருமியின் மேலுறைப் புரதம் (எச்.பி.எஸ் ஆன்டிஜென்) ரத்தத்தில் 6 மாதத்துக்கு மேல் நீடித்தால் தங்குதொற்று. வினைத்தொகை, வலி மிகாது. தட்டச்சில் வழுக்கித் 'தங்கத்தொற்று' ஆகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'தங்குதொற்று உள்ள தாய்' என்று எழுதலாம், யாரையும் கடத்தல்காரராக்க வேண்டியதில்லை.

> எதிர்ப்பொருளுக்கும் எதிர்ப்பொருள் தூண்டிக்கும் புதுச்சொல் தேடுவது வீண்வேலை.

இதில் கொஞ்சம் முரண்படுகிறேன். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது, அதைத் தூண்டும் கிருமியின் பகுதிதான் எதிர்ப்பொருள் தூண்டி (ஆன்டிஜென்). என் கொழுந்தியாள் செவிலியர். போன வருடம் ஆறாம் மாதத்தில் அவள் கொண்டுவந்த ஆய்வுக்கூடச் சீட்டில் 'ஆன்ட்டி எச்.பி.எஸ்: பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்து. அவள் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். செவிலியர் கல்லூரியில் போட்ட மூன்று ஊசியின் பலன்தான் அந்த பாசிட்டிவ்! 10 அலகுக்கு மேல் இருந்தாலே காப்பு உண்டு என்பது கணக்கு. அவளுக்கு இருநூறைத் தாண்டியிருந்தது. சொல் ஒரே பாசிட்டிவ்தான், ஆனால் எச்.பி.எஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் கிருமியின் தடம், ஆன்ட்டி எச்.பி.எஸ் பாசிட்டிவ் என்றால் உடம்பின் பதில். இரண்டு பெயர்களும் 'எதிர்' என்றே தொடங்கினால் வாசிக்கிறவர் எங்கே பிரிப்பார்? அதனால் துண்டறிக்கையில் முதலாவது 'கிருமியின் மேலுறைப் புரதம்', இரண்டாவது 'காப்புப் புரதம்'. பாடநூலில் எதிர்ப்பொருள் அப்படியே இருக்கட்டும்.

(மூத்த மருத்துவர்கள் சிலர் முதலாவதை இன்னும் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்பார்கள். 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் புளூம்பர்க் அதை ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில் கண்டதால் வந்த பெயர். சீட்டில் கண்டத்தின் பெயரைப் பார்த்து எந்த மாமியாரும் தட்டை ஒதுக்கியிருக்க மாட்டார்.)

காப்பிலும் வகை உண்டு. தடுப்பூசியால் வந்தது ஊசிவழிக் காப்பு: காப்புப் புரதம் மட்டும் இருக்கும். தொற்றி மீண்டவர்களுக்கு வருவது தொற்றுவழிக் காப்பு: அதோடு கிருமியின் உட்கருப் புரதத்துக்கு எதிரானதும் இருக்கும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதை இரவல் காப்பு எனலாம். சில மாதங்களில் கரைந்துபோகும். தங்குதொற்று உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த கையோடு போடும் இம்யூனோகுளோபுலினும் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த காப்புப் புரதம்) இரவல்தான். கூடவே 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசிதான் சொந்தக் காப்பை வளர்க்கிறது. தாய்க்குக் காப்பு இருந்தாலும் குழந்தைக்கு அந்த ஊசி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 'இரவல்' என்ற ஒரு சொல்லே போதும்.

பக்கத்தின் மாதிரி வரிகள்:

'உங்கள் ரத்தத்தில் மேலுறைப் புரதம் இருக்கிறது. இது தங்குதொற்றாக இருக்கலாம். கிருமியின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் 28-ஆம் வாரத்திலிருந்து மாத்திரை தருவார்கள். குழந்தைக்குப் பிறந்த அன்றே இரண்டு ஊசி. தாய்ப்பால் கொடுக்கலாம்.'

மீண்டவர்களின் நிலைக்குத்தான் சொல் அமையவில்லை. 'தீர்தொற்று' என்று எழுதி அடித்துவிட்டேன். ரத்தத்தில் மேலுறைப் புரதம் மறைந்தாலும் கிருமியின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லுக்குள் பதுங்கியிருக்கும். புற்றுநோய்க்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் மீண்டும் தலைதூக்கலாம். தீர்ந்தது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. 'அடங்குதொற்று' சரியாக வருமா? 'அடங்கு' என்றால் கொஞ்சம் அதட்டுவதுபோல் இருக்கிறது என்கிறாள் கொழுந்தியாள். வேறு தோன்றினால் எழுதுங்கள்.