எச்சிலைப் படித்து மார்பகம் மருந்து செய்கிறதா?

சேலத்துக்காரி: என் பையனுக்கு ஏழு மாதம். போன வாரம் சளி, காய்ச்சல். குடும்ப வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. பால் குடிக்கும்போது குழந்தையின் எச்சில் காம்பு வழியாக உள்ளே போகுமாம். என்ன கிருமி என்று மார்பகம் கண்டுபிடித்து, அடுத்த வேளைப் பாலிலேயே மருந்து அனுப்புமாம். நான் நம்புகிறேன். அந்த வாரம் பிழிந்து வைத்த பால் மஞ்சளாக இருந்ததை நானே பார்த்தேன்.

நுண்ணோக்கி: மஞ்சளை விடுங்கள், சாப்பாடு மாறினாலே பாலின் நிறம் மாறும். "அடுத்த வேளை" என்பதுதான் இடிக்கிறது. முன்பின் பார்த்திராத கிருமிக்கு எதிர்ப்புப் புரதம் செய்ய உடலுக்குப் பல நாள் ஆகும்.

சேலத்துக்காரி: சரி, எச்சில் உள்ளே போவதாவது நிஜமா?

நுண்ணோக்கி: பால் பின்னோக்கி ஓடுவது நிஜம். 2004இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அல்ட்ராசவுண்ட் வைத்தே பார்த்தார்கள். எச்சிலும் கூடப் போகலாம். ஆனால் போன எச்சிலை மார்பகம் படிக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

பழைய பெஞ்ச்: பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே பெர்த்தில் 2013இல் வந்த ஆய்வு: தாயும் சேயும் நலமாக இருக்கையில், முதல் சில வாரங்களுக்குப் பிறகு பாலில் உள்ள செல்களில் வெள்ளணுக்கள் 2 சதவீதத்துக்குள்தான். தொற்று வந்தபோது 94 சதவீதம் வரை ஏறியது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோதும் கூடியது. 2012இல் இஸ்ரேலிலும் இதையே பார்த்தார்கள், குழந்தை குணமானதும் அளவு இறங்கிவிட்டது. தகவல் போகாமல் எப்படி ஏறும்?

நுண்ணோக்கி: ஏறுவதை யார் மறுத்தது? ஒரே வீடு, ஒரே மூக்கு துடைக்கும் துணி. காய்ச்சல் காட்டாமல் அம்மாவையும் கிருமி தொட்டிருக்கும். கொஞ்சி முத்தமிடும்போது விழுங்கியும் இருப்பார். அவர் குடலில் தயாராகும் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ரத்தம் வழியாக மார்பகத்துக்கு வந்து தங்கி, இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. அவற்றை அங்கே இழுக்கும் சிசிஎல்28 என்ற வேதிச் சமிக்ஞை வரை தெரியும். இதற்கு எச்சில் எதற்கு?

இன்னொன்று. அந்த 94ஐக் காட்டிக் குழந்தைக்கான மருந்து என்கிறீர்கள். பால்கட்டி மார்பு வீங்கிச் சீழ் வைக்கும் நிலையில் வெள்ளணுக்கள் வருவது முதலில் மார்பகத்தைக் காக்கத்தான். பால் மறக்கடித்த பிறகு வேலை முடிந்த பால் செல்களை விழுங்கித் துப்புரவு செய்வதும் பால் நாளங்களில் குடியிருக்கும் விழுங்கணுக்கள் என்ற வெள்ளணு வகையே. 2020இல் மெல்போர்னில் எலிகளில் படமே எடுத்தார்கள்.

கருப்பட்டி: எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். உயிருள்ள செல் குழந்தை வயிற்றுக்குள் போனால் செரித்துப் போகாதா?

பழைய பெஞ்ச்: நாகசாகியைக் கேளுங்கள். சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் ஹெச்டிஎல்வி-1 என்ற வைரஸ் வெள்ளணுவுக்குள் ஒளிந்து, பாலோடு குழந்தைக்குள் போகிறது. அதனால் அங்கே 1987 முதல் கர்ப்பிணிகளைச் சோதித்து, வைரஸ் உள்ளவர்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர்க்கச் சொன்னார்கள். பாலை உறையவைத்து உருக்கிக் கொடுத்தால் தொற்று குறைகிறது, ஏனென்றால் செல்கள் செத்துவிடுகின்றன. உயிரோடு போகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நுண்ணோக்கி: நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருடன் நுழைந்த வாசலில் காவல்காரனும் நுழைந்து வேலை செய்தான் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. எலிக்குட்டிகளின் குடலில் தாயின் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் குடியேறியதைக் காட்டியிருக்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு அந்த அளவு சாட்சி இல்லை.

சேலத்துக்காரி: ஐயோ, ஃப்ரீசரில் பத்து பாக்கெட் வைத்திருக்கிறேன். எல்லாம் வீணா?

நுண்ணோக்கி: செல்கள் போயிருக்கும், இம்யூனோகுளோபுலின் ஏ பெரும்பாலும் தாங்கும். பால் வங்கிகளில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். அதற்கப்புறமும் கணிசமான பங்கு மிஞ்சுகிறது. தைரியமாகக் கொடுங்கள்.

பழைய பெஞ்ச்: இதில் மட்டும் நுண்ணோக்கியோடு நான் சண்டைக்கு வரவில்லை.

சேலத்துக்காரி: அந்தச் செய்தியைக் குழுவில் போட்டது என் மாமியார். பிரசவத்தன்று சீம்பாலைப் பிழிந்து கொட்டச் சொன்னவரும் அவரேதான்.

நுண்ணோக்கி: வெள்ளணு நிறைய இருப்பதே சீம்பாலில்தானே! அந்த 2013 ஆய்விலேயே 13 முதல் 70 சதவீதம். கொட்டினீர்களா?

சேலத்துக்காரி: இல்லை. நர்ஸ் அக்கா விடவில்லை.