மறு: விண்வெளிப் பசுமைக்குடில்: ‘பயிரகம்’ என்று வைக்கலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளியில் பயிர் வளர்க்கும் மூடிய அமைப்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில் வந்த ‘பசுமைக்குடில்’ நல்ல சொல்தான். ஓசூர்ப் பக்கம் ரோஜா பயிரிடுவோர் நாள்தோறும் புழங்குவது. ஆனாலும் அதை அப்படியே விண்வெளிக்கு ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. குடில் என்றதும் ஒளி புகும் கூரையும் வெயிலும் கண்முன் வருகின்றன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2014-இல் நிறுவப்பட்ட ‘வெஜ்ஜி’ என்ற பயிர் வளர்ப்புப் பெட்டியில் வெயிலுக்கு வேலையே இல்லை. எல்.இ.டி. விளக்குகளின் கீழ், சுட்ட களிமண் துகள்கள் அடைத்த சிறு பைகளில் லெட்யூஸ் கீரை வளர்கிறது. அங்கே எடையற்ற நிலை என்பதால் ஊற்றிய நீர் கீழே வடியாது. வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு அதை மூச்சுத் திணற வைக்கும். சூடான காற்று மேலெழாது; விசிறி நின்றால் இலை வெளிவிட்ட ஈரம் இலையைச் சுற்றியே தேங்கிவிடும். ஒளி, நீர், காற்று மூன்றையும் கணக்குப் பார்த்து ஊட்டும் இடத்துக்குக் குடில் என்ற பெயர் ஒட்டவில்லை.

சென்ற மடலில் வந்த ‘பயிர்க்கலம்’ காதுக்கு இனிது, விண்கலத்தோடும் இயைகிறது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கலம் என்றால் உயிரணு, அதாவது செல். யாழ்ப்பாணத்து மாணவர் அதைத் தாவரத்தின் செல் என்றுதான் படிப்பார். அந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்கக் கூடாது.

என் பரிந்துரை ‘பயிரகம்’. நூலகம், உணவகம் போல எவரும் கேட்டவுடன் பிரித்துப் பொருள் கொள்ளலாம். அகம் என்பதற்கு உள் என்ற பொருளும் இருப்பதால் மூடிய அமைப்பு என்பதும் குறிப்பாக வந்துவிடுகிறது. அளவும் தடையில்லை. 2024 டிசம்பர் 30 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவூர்தியைச் சென்னை மொட்டைமாடிகளிலிருந்து உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் இஸ்ரோ எட்டுக் காராமணி விதைகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து அனுப்பியது. நான்கு நாளில் முளைவிட்டன, பிறகு இலையும் விட்டன. அந்தச் சிறு பெட்டியும் பயிரகம், நாளை நிலவில் அமையக்கூடிய கூடமும் பயிரகம்.

‘விண்’ என்ற முன்னொட்டைக் கட்டாயமாக்க வேண்டாம். சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில் 1972-73-இல் மூவர் ஏறத்தாழ ஆறு மாதம் அடைபட்டு வாழ்ந்த ‘பயாஸ்-3’ என்ற மூடிய சோதனைக்கூடம் தரையில்தான் இருந்தது. அதற்குள்ளேயே கோதுமையும் காய்கறியும் விளைந்தன. தேவைப்படும் இடத்தில் மட்டும் விண்பயிரகம், நிலவுப் பயிரகம் என்று எழுதிக்கொள்ளலாம்.

விண்வெளியில் மனிதர் வாழக் காற்றும் நீரும் தருவதைக் குறிக்கும் ‘உயிர்காப்பு அமைப்பு’ என்ற வழக்கை நான் தொடவில்லை. பயிரைக் கொண்டே காற்றையும் நீரையும் மீட்கும் வகையைத் தனியே சுட்ட ‘உயிர்ப்புச் சுழல்’ என்பேன். உயிர்ப்பு என்றால் மூச்சு. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அவர் விடும் கரியமில வாயு பயிருக்குப் போகிறது, பயிர் விடும் ஆக்சிஜன் அவருக்கு வருகிறது, இலை வெளிவிடும் ஈரம் குளிர்ந்து குடிநீராகிறது.

இலங்கை நண்பர்கள் ‘பயிரகம்’ அங்கே வேறு பொருளில் வழங்குகிறதா என்று சொன்னால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து