மெனிஞ்சியோமா (மூளை உறையில வர்ற கட்டி): ரிப்போர்ட்ல "பிரெயின் இன்வேஷன்"னு இருக்கு, ரேடியேஷன் கட்டாயமா?

நெல்லைக்காரி
அம்மாவுக்கு 58 வயசு. வலது நெத்திக்குப் பின்னால 5 செ.மீ. கட்டி, போன மாசம் ஆபரேஷன் முடிஞ்சது. "முழுசா எடுத்தாச்சு, கேன்சர் இல்ல"ன்னு சர்ஜன் சொன்னாரு. இப்ப பயாப்ஸி ரிப்போர்ட் கையில இருக்கு: ஏடிபிகல் மெனிஞ்சியோமா, கிரேடு 2, பிரெயின் இன்வேஷன் உண்டு, மைட்டோசிஸ் 10 ஹை பவர் ஃபீல்டுக்கு 2, கே.ஐ-67 6%. ரேடியேஷன் டாக்டர் 30 சிட்டிங் குடுத்திரலாம்னு சொல்லுதாரு. ஆபரேஷன் பண்ணவரு "ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிடலாம்"ங்காரு. நடுவுல எங்க சித்தப்பா, "மூளைக்குள்ளயே போயிட்டுன்னா அம்புட்டுத்தான"ன்னு அம்மா காதுபட கேக்காரு. யார் சொல்லுதத கேக்க?

ரத்னா_திருச்சி
முதல்ல சித்தப்பாவ வாய மூடச் சொல்லும்மா. என் வீட்டுக்காரருக்கும் கிரேடு 2தான். உச்சந்தலைக்குக் கீழ ஓடுற பெரிய ரத்தக்குழாய்ல ஒட்டியிருந்ததால கொஞ்சம் விட்டுட்டுதான் வந்தாங்க, அதனால ரேடியேஷன் குடுத்தாங்க. மாஸ்க் போட்டு மேஜையோட அழுத்திக் கட்டுவாங்க, அதுக்குத்தான் பயந்தார். அந்தப் பக்கம் முடி கொட்டிச்சு, மத்தியானம் ஆனா தூக்கம். வேற ஒண்ணும் இல்ல. உங்க அம்மாவுக்கு மிச்சம் இருக்கான்னு கேட்டீங்களா?

கபால_வைத்தியன்
நரம்பியல் அறுவை சிகிச்சையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்லைடைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லலாம்.

பிரெயின் இன்வேஷன், அதாவது மூளைக்குள் "ஊடுருவல்" என்றால் கட்டி உடம்பெங்கும் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. சாதாரணமாக மெனிஞ்சியோமாவுக்கும் மூளைக்கும் நடுவே சிலந்தி வலை மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். கட்டியை உள்ளிருந்து குடைந்து சுருக்கி, அந்த இடுக்கில் ஈரப் பஞ்சுத் துண்டுகளை வைத்து மெதுவாக உரித்தால் மூளை பளபளவென்று தனியாக நிற்கும். ஊடுருவிய இடத்தில் அந்த இடுக்கே கிடைக்காது. உரிக்கும்போது மூளையின் மேற்பரப்பு கொஞ்சம் கூடவே வரும், ரத்தம் கசியும். நெற்றிப் பக்கம் என்றால் துணிந்து எடுக்கலாம். கை கால் அசைவுக்கான பகுதியிலோ முக்கியமான சிரையின் மேலோ என்றால் ஒரு படலத்தை விட்டுவிட்டு வருவதுதான் நல்ல சர்ஜனுக்கு அழகு.

பெத்தாலஜிஸ்ட், மூளைத் திசுவைக் காட்டிக்கொடுக்கும் ஜி.எஃப்.ஏ.பி. சாயம் போட்டு, கட்டியின் நாக்குகளுக்கு நடுவே சிக்கிய மூளைத் திசுவைத் தேடுவார். நடுக்கட்டியை மட்டும் அனுப்பியிருந்தால் ஊடுருவல் இருந்தாலும் கண்ணில் படாது. அந்த வகையில் உங்கள் சர்ஜன் ஒழுங்காக ஓரத்தையும் அனுப்பியிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரேடு என்பது கட்டியின் வீரியப் படி. மைட்டோசிஸை (பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கை) வைத்து கிரேடு 2 என்று சொல்ல, அது 4 முதல் 19 வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 2தான். பெருகும் செல்களின் சதவீதமான கே.ஐ-67ஐ மட்டும் வைத்து கிரேடு போடுவதில்லை. ஆக, வேறு அம்சங்கள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால், ஊடுருவல் ஒன்றுக்காகவே கிரேடு 2 என்று எழுதியிருக்கிறார்கள். அது தனியாகவே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 வகைப்பாட்டில் வைத்தது, 2021லும் எடுக்கவில்லை. ஆனால் இந்த ரகம் நிஜமாகவே அதிகம் திரும்பி வருகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மைட்டோசிஸ் 12 உள்ளவரையும் உங்கள் அம்மாவையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

ரேடியேஷன் டாக்டரும் சும்மா சொல்லவில்லை. ஆர்.டி.ஓ.ஜி. 0539 ஆய்வில், முழுதாக எடுத்த கிரேடு 2 நோயாளிகளும் திரும்பி வந்த கிரேடு 1 நோயாளிகளும் அடங்கிய பிரிவுக்கு 30 தவணையில் 54 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுத்தார்கள். 3 ஆண்டில் 93.8% பேருக்கு நோய் வளரவில்லை. நல்ல எண்தான். ஆனால் ரேடியேஷன் கொடுக்காத ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. அந்த ஒப்பீட்டுக்காகவே ஐரோப்பாவில் ரோம் (ROAM) என்ற சோதனையைத் தொடங்கினார்கள்.

சர்ஜனிடம் "சிம்ப்சன் எத்தனை?" என்று கேளுங்கள். கட்டியை எவ்வளவு முழுதாக எடுத்தார்கள் என்று சொல்ல 1957லிருந்து புழங்கும் அளவுகோல். கட்டி ஒட்டியிருந்த டியூராவையும் (மூளையின் வெளி உறை), கெட்ட எலும்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்திருந்தால் 1. டியூராவைச் சுட்டு மட்டும் விட்டிருந்தால் 2. ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யும் சுத்தமாக, சிம்ப்சன் 1 என்றால், என் வீட்டு ஆளாக இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நெல்லைக்காரி
ரொம்ப நன்றி சார். ஓப்பரேஷன் நோட்ஸ்ல "சிம்ப்சன் 1"னு இருக்கு, இப்பதான் பாத்தேன். ஸ்கேன் எத்தன நாளைக்கு ஒருக்க எடுக்கணும்? வலிப்பு மாத்திரைய நிறுத்திரலாமா, அம்மா சும்மா எரிஞ்சு எரிஞ்சு விழுதாவ.

கபால_வைத்தியன்
கிரேடு 2க்குப் பொதுவாக முதல் 5 வருஷம் 6 மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. வலிப்பு மாத்திரை லெவெடிரசெட்டாம் என்றால் எரிச்சல் அந்த மாத்திரையாலேயே வரலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். பாரஃபின் பிளாக்கை (கட்டித் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) லேபில் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு நியூரோபெத்தாலஜிஸ்ட் பார்க்க அது வேண்டும், ஸ்லைடு மட்டும் போதாது.