ஹவுஸ் பேட்டரி ரெண்டே வருஷத்துல படுத்துருச்சு, அடுத்து லித்தியமா ஏஜிஎம்மா?

கேட்டவர்: தனிப்பாய்

34 அடி பாய்மர போட். ஹவுஸ் பேங்க் (லைட்டு, ஃப்ரிட்ஜ் ஓட்டுற பேட்டரிங்க) 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் ரெண்டு, பேரலல்ல. நங்கூரம் போட்டு தூங்கி காலைல எழுந்தா 11.8 வோல்ட் காட்டுது, ஃப்ரிட்ஜ் நின்னு போயிருக்கு. சோலார் 100 வாட் ஒண்ணுதான், சாயங்காலம் இன்ஜின் ஒரு மணி நேரம் ஓட்டுவேன். ஸ்டார்ட் பேட்டரி தனி, அது நல்லாருக்கு. எல்லாரும் லித்தியம் போடுங்கறாங்க, போட்டா பிரச்சனை தீருமா?

பழைய நங்கூரம்:

தம்பி, பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 5 ஆம்ப்னு வைங்க, நாள்ல பாதி நேரம் ஓடினாலே 60 ஆம்பியர் ஹவர் போச்சு, லைட்டு போன் பம்பு எல்லாம் சேத்தா 80ஐ தொட்டுரும். 200ல பாதிக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு பாத்தா 80 ஓகேதான், ஆனா தினமும் ஃபுல்லா ஏறினாத்தான் ஓகே. உங்க சோலார் நல்ல வெயில்ல நாளுக்கு ஒரு 30 ஆம்பியர் ஹவர் குடுக்கும். இன்ஜின் ஓட்டினாலும் லெட் ஆசிட் 80 சதவீதம் தாண்டினதும் கரண்ட்ட வாங்காம அடம் புடிக்கும், கடைசி 20க்கு மட்டும் நாலஞ்சு மணி நேரம் கேக்கும், யாரு அவ்ளோ நேரம் டீசல் எரிப்பா? அப்படியே அரை வயித்தோட விட்டு விட்டு பேட்டரிக்குள்ள இருக்கற ஈயத் தட்டுல சல்ஃபேட் படிஞ்சு பலம் போயிருக்கும். ஏஜிஎம்மும் சீல் பண்ணின லெட் ஆசிட்தான், புதுசா வாங்கினாலும் இதே கதிதான். சோலார கூட்டுங்க, ஷன்ட் (உள்ள வர்ற, வெளிய போற கரண்ட்ட அளக்கறது) வெச்ச மானிட்டர் ஒண்ணு போடுங்க, லோடு ஓடும்போது பாக்குற வோல்டேஜ நம்பாதீங்க.

லித்தியம் கிறுக்கன்:

அண்ணே சொல்றது சரி, ஆனா லித்தியம் அந்த பிரச்சனையதான் தீர்க்குது. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி அரைகுறையா கெடந்தா கெட்டுப்போகாது, 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழ. ஆனா ஆல்டர்னேட்டர்ல (இன்ஜின்ல சார்ஜ் குடுக்கற டைனமோ) நேரா கட்டிராதீங்க ப்ரோ, அது குடுக்கறதெல்லாம் இது குடிக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி எரிஞ்சுரும். ஓடிட்டு இருக்கும்போது பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியோட பாதுகாப்பு சர்க்யூட்) கட் பண்ணினா ஆல்டர்னேட்டர் டையோடும் போயிரும். நடுவுல கரண்ட்ட அளவா விடுற டிசி டு டிசி சார்ஜர் கட்டாயம். ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜும் ஏத்தக் கூடாது.

தனிப்பாய்:

நன்றி ரெண்டு பேருக்கும். மூடி தொறந்து பாத்தேன், ஒரு பேட்டரில மூணு செல்லுல தண்ணி தட்டுக்குக் கீழ இருக்கு 😬 இன்னொண்ணு பரவால்ல. ரெண்டும் ஒரே நாள் வாங்கினது, ஏன் ஒண்ணு மட்டும்?

பழைய நங்கூரம்:

பிளஸ், மைனஸ் ரெண்டு கேபிளும் அந்த ஒரே பேட்டரிலேந்துதான எடுத்துருக்கீங்க? அதான் அது மட்டும் அதிகம் உழைச்சிருக்கு. பிளஸ் ஒண்ணுலேந்தும் மைனஸ் இன்னொண்ணுலேந்தும் எடுங்க. இப்போ டிஸ்டில்ட் வாட்டர் தட்டு மூழ்குற அளவுக்கு மட்டும் ஊத்தி சார்ஜ் போட்டு, முடிஞ்சப்புறம் மிச்சத்த ஊத்துங்க, முன்னாடியே ஊத்தினா ஆசிட் பொங்கி பில்ஜுக்கு (போட்டோட அடிப்பகுதிக்கு) வரும். காத்தோட்டமா தொறந்து வைங்க, ஹைட்ரஜன் வரும். காஞ்ச தட்டு திரும்பாது, அதனால அத நம்பி தூரமா போகாதீங்க.

தனிப்பாய்:

ஆமாண்ணே, ரெண்டு கேபிளும் அதுலதான் இருக்கு. முதல்ல இன்னொரு பேனல், அப்புறம் பேட்டரி.