மாரத்தான் ஓடுபவர்கள் வழியாக நன்கொடை: எதில் கூடுகிறது, எங்கே ஒழுகுகிறது? (அனுபவப் பகிர்வு)

நீளோட்டம் (திரி தொடங்கியவர்)

தொண்டு நிறுவனங்களில் மாரத்தான் நிதி திரட்டலைப் பார்த்துக்கொள்பவர்களும் ஓட்டக்குழு நடத்துபவர்களும் இங்கே எழுதலாம். "விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்" வகைப் பதிவுகள் வேண்டாம். எதைச் செய்தால் பணம் கூடுகிறது, எதை விட்டால் நின்றுபோகிறது, அது போதும்.

முதல் கல்லை நானே வைக்கிறேன். மாரத்தானில் ஓட ஓர் இடம் கொடுத்துவிட்டால் பணம் தானாக வரும் என்ற நினைப்பில்தான் பாதி நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன. 42.195 கி.மீ. ஓடத் துணிந்தவருக்குக்கூட நாலு பேரிடம் கை நீட்டக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் நிறுவனத்தின் வேலை. 1988ல் அமெரிக்காவில் லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) ஆராய்ச்சிக்காக 38 பேர் நியூயார்க் மாரத்தான் ஓடி 3,22,000 டாலர் திரட்டினார்கள். 'டீம் இன் டிரெயினிங்' என்ற நிதி திரட்டும் திட்டம் அப்படித்தான் பிறந்தது. அதன் சூட்சுமம் எளிது: பயிற்சியாளரையும் அட்டவணையையும் நிறுவனம் தரும், பதிலுக்கு ஓடுபவர் பணம் திரட்டுவார். இரு தரப்புக்கும் கணக்கு தெளிவு. மறு ஆண்டு, 1989ல், பாஸ்டன் மாரத்தானின் தொண்டுத் திட்டம் அமெரிக்கக் கல்லீரல் அறக்கட்டளையோடு தொடங்கியது. லண்டன் மாரத்தானில் 2024ல் மட்டும் 7.35 கோடி பவுண்ட் திரண்டது. பெரிய ஓட்டங்களின் கதை இது. நூறு பேர் ஓடும் சின்ன ஓட்டத்துக்கும் இதே இயந்திரம்தான்.

---

கைகொடு

ஆள் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓடுபவர்கள் இரண்டு வகை. நிறுவனம் காசு கொடுத்து வாங்கி வைத்த இடத்தில், இவ்வளவு திரட்டுவேன் என்று உறுதி கொடுத்து ஓடுபவர் ஒரு வகை. விண்ணப்பித்தவர்களுக்கு நடக்கும் குலுக்கலிலோ, முந்தைய ஓட்டத்தில் எட்டிய தகுதி நேரத்திலோ தானே இடம் பிடித்து, விருப்பத்தின் பேரில் நமக்காக ஓடுபவர் இன்னொரு வகை. எல்லாரும் முதல் வகையின் பின்னாலேயே ஓடுகிறார்கள். இரண்டாம் வகைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒரு பனியனும் சில மின்னஞ்சல்களும்தான் செலவு. அவர் கொண்டுவரும் தொகை சிறிதாக இருந்தாலும் ஏறக்குறைய முழுசாக நிற்கும்.

இரண்டு வகையையும் பிடிக்க ஒரே நாள்தான்: குலுக்கல் முடிவு வரும் நாள். இடம் கிடைத்தவர் மகிழ்ச்சியில் இருப்பார், கிடைக்காதவர் வேறு வழி தேடிக்கொண்டிருப்பார். அன்று காலையே இரண்டு தனித்தனி அறிவிப்பு தயாராக இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போட்டால் அவர்கள் வேறொரு நிறுவனத்தின் பனியனுக்கு அளவு கொடுத்திருப்பார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் சிறந்த நேரம் என்ன?" என்று கேட்பது வீண். மூன்று மணி நேரத்துக்குள் ஓடுபவர் நன்றாகத் திரட்டுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல சமயம் ஐந்தரை மணி நேரக்காரர்தான் கூடுதலாகக் கொண்டுவருவார், ஏனென்றால் அவரால் முடியுமா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். கேட்க வேண்டியவை இவை:

– இந்தக் காரியம் உங்களுக்கு ஏன்? (ஒரு வரிப் பதில் என்றால் கவனம்.)
– முதலில் கேட்கப்போகும் பத்துப் பேர் யார்? பெயர் வேண்டாம், உறவைச் சொன்னால் போதும்.
– ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாக உங்கள் அலுவலகம் பணம் போடுமா?
– இதற்கு முன் திரட்டியிருக்கிறீர்களா? எவ்வளவு, எப்படி?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாதவருக்கு உடனே இடம் கொடுக்காமல் ஒரு தொலைபேசி உரையாடல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வரவுசெலவு

குறைந்தபட்சத் தொகையை ஊரைப் பார்த்து வைக்காதீர்கள். லண்டனில் பல நிறுவனங்கள் 2,000 பவுண்ட் வாக்கில் கேட்கின்றன, பாஸ்டனில் குறைந்தது 5,000 டாலர் என்று ஆரம்பித்து அதற்கு மேலும் போகிறது. அங்கே இடத்துக்கு இருக்கும் போட்டி அப்படி. தன் கணக்கைப் போட வேண்டும்: இடத்தின் விலை, பனியன், தபால், கொண்டாட்ட முகாம், நன்கொடைத் தளம் பிடிக்கும் கட்டணம், இதற்காக வேலை செய்யும் ஊழியரின் நேரம். கடைசி ஒன்றை எல்லாரும் மறந்துவிடுவார்கள். இவை அனைத்தும் சேர்ந்து ஓர் இடத்துக்கு 100 ஆனால், குறைந்தபட்சம் 500க்குக் கீழே இறங்காதீர்கள். 200 என்று வைத்தால் மலிவு நுழைவுச்சீட்டு தேடி வருபவர்கள் நிரம்பிவிடுவார்கள். திரட்டுவதற்குப் பதில் 200ஐக் கையிலிருந்தே கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தவணையும் எழுத்தில் இருக்கட்டும். ஓட்டத்துக்கு 12 வாரம் முன்பு கால்வாசி, 6 வாரம் முன்பு பாதி, ஓட்டம் முடிந்து 4 வாரத்தில் முழுத்தொகை. சில அமைப்புகள் கடன் அட்டை விவரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக் குறையும் தொகையைப் பிடித்துக்கொள்கின்றன. சட்டப்படி சரிதான், ஆனால் அந்த ஆள் மறுபடி வரமாட்டார். அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் தவணையின் பயன்.

---

மைல்கல்

பணம் உண்மையில் வராமல் தேங்குவது, ஓடுபவரின் பெயரில் இணையத்தில் நன்கொடைப் பக்கம் திறந்த முதல் மூன்று வாரத்தில். பக்கம் பூஜ்யத்தில் நிற்கும். பூஜ்யத்தைப் பார்ப்பவர் "அப்புறம் போடலாம்" என்று மூடிவிடுவார், ஓடுபவரும் வெட்கத்தில் பகிர்வதை நிறுத்திவிடுவார்.

வரிசை இப்படி இருக்க வேண்டும். பக்கம் திறந்த அன்றே ஓடுபவர் தன் பெயரிலேயே ஒரு தொகை போடட்டும். அடுத்த மூன்று நாளில், பொதுவில் எங்கும் பகிராமல், நெருங்கிய ஐந்து பேரிடம் மட்டும் தனியாகக் கேட்கட்டும். அந்த ஐந்து பேரும் தாராளமாகக் கொடுக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். காரணம் உண்டு: 2010 லண்டன் மாரத்தானின் நன்கொடைப் பக்கங்களை வைத்து பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். முந்தைய நன்கொடைகள் பெரிதாக இருந்தால் பின்னால் வருபவர் தொகையும் கூடுகிறது, சிறிதாக இருந்தால் அவரும் குறைத்துக்கொள்கிறார். பக்கத்துக்கு வருபவர் மேலே தெரியும் தொகைகளைப் பார்த்துத்தான் தன் தொகையை முடிவுசெய்கிறார். ஆக, முதல் ஐந்து பேர் கொடுப்பது வெறும் ஐந்து நன்கொடை அல்ல, பின்னால் வருபவர்கள் எல்லாருக்கும் அளவுகோல். அதன் பிறகுதான் குழுக்களில் இணைப்பைப் போட வேண்டும்.

இலக்கு இல்லாமல் பக்கம் திறக்க விடாதீர்கள். 80 சதவீதம் வந்ததும் இலக்கை உயர்த்துங்கள். 100 ஆன பிறகு உயர்த்தினால் பேராசை போலத் தெரியும், உயர்த்தாவிட்டால் "முடிந்துவிட்டதே" என்று அடுத்தவர் நகர்ந்துவிடுவார்.

செய்தி எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு, எல்லாக் குழுவிலும் சுற்றும் மாதிரி:

"நண்பர்களே, நான் ஒரு நல்ல காரியத்துக்காக மாரத்தான் ஓடுகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுத்து ஆதரவு தாருங்கள். இணைப்பு கீழே."

இதற்கு இதயக்குறி வரும், பணம் வராது. 'நண்பர்களே' என்றால் யாருடைய பெயரும் இல்லை. 'முடிந்தது' என்றால் தொகை இல்லை. நாளும் இல்லை. இதையே மாற்றினால்:

"செல்வி, மே 18 அன்று மாரத்தான் ஓடுகிறேன். சிறுநீரகச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் பயணச் செலவுக்காகப் பணம் சேர்க்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதச் செலவு 1,500. அதில் ஒரு மாதத்தை நீ ஏற்றுக்கொள்ள முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதி இலக்கைத் தொட வேண்டும்."

ஒருவருக்கு ஒரு செய்தி. பெயர், தொகை, அந்தத் தொகை என்ன செய்யும், எந்த நாளுக்குள். அந்த 'ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம்' கணக்கு உண்மையாக இருக்க வேண்டும், அதை நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். ஓடுபவரைக் கற்பனை செய்ய விட்டால் வம்பு. ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

---

கைகொடு

மைல்கல் சொன்னதோடு ஒன்று. மூன்று வாரம் பூஜ்யத்தில் நிற்பவருக்கு நான்காவது மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், போன் பண்ணுங்கள். "ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்காமல் "முதல் செய்தியை இப்போதே சேர்ந்து எழுதலாமா?" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

அதிகம் திரட்டியவர்களின் 'முதல் பத்து இடம்' பட்டியலும் ஆபத்து. மேலே இருப்பவர் எப்படியும் திரட்டுவார், நாற்பதாவது இடத்தில் இருப்பவர் மனம் விட்டுவிடுவார். அதற்குப் பதில் 'முதல் நன்கொடை', 'பாதி இலக்கு' என்று படிகளைக் கொண்டாடுங்கள்.

---

நீளோட்டம்

பயிற்சி அட்டவணையையே கேட்கும் அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். வழக்கமான 16 வாரத் திட்டத்தில் நான்கைந்து இயல்பான சந்தர்ப்பங்கள் வரும்: முதல் 16 கி.மீ., முதல் அரை மாரத்தான் தூரம், ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு வரும் 30–32 கி.மீ. நீண்ட ஓட்டம், கடைசி வாரம், ஓட்ட நாள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், இரண்டு வரி, ஒரு கேள்வி. இடையில் வாராவாரம் "மறக்காதீர்கள்" என்று நச்சரிக்க வேண்டியதில்லை. 32 கி.மீ. முடித்து உப்புப் பூத்த முகத்தோடு எடுத்த படத்துக்கு இருக்கும் சக்தி, ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கு இல்லை. சம்பளம் வந்த வாரத்தோடு பொருந்துமாறு வைத்தால் இன்னும் நல்லது.

---

வரவுசெலவு

ஒழுகும் இடங்கள், கணக்குப் பக்கம்:

வங்கி வழியாக நேரடியாக அனுப்புபவர் குறிப்பில் 'மாரத்தான்' என்று மட்டும் போடுவார். யாருக்காக என்று தெரியாது. ஓடுபவருக்குத் தன் கணக்கில் அது ஏறவில்லை என்ற கோபம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு (ஓ-27 மாதிரி) கொடுத்து, அதை அவர்கள் செய்தியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள், மாதக் கடைசிக்குத் தள்ளினால் சிக்கல் அவிழாது.

அலுவலகத்தில் பத்துப் பேரிடம் ரொக்கமாக வாங்கித் தன் அட்டையில் ஒரே தொகையாகப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. வசதிதான். ஆனால் பத்துப் பேருக்கும் வரிச்சலுகை ரசீது கிடைக்காமல் போய்விடும். பிரிட்டனில் கூடுதல் நட்டமும் உண்டு: அங்கே வருமான வரி கட்டுபவர் 'கிஃப்ட் எய்ட்' பெட்டியில் டிக் செய்தால் 10 பவுண்டுக்கு அரசு 2.50 பவுண்ட் சேர்த்துத் தரும், அடுத்தவர் பணத்தைத் தன்னுடையதாகப் போட்டால் அந்தச் சலுகையைக் கோர முடியாது.

அலுவலக ஈட்டுத்தொகை (ஊழியர் திரட்டியதற்கு ஈடாக அலுவலகம் போடும் பணம்) பாதி இடங்களில் கேட்கப்படாமலே காலாவதியாகிறது. ரசீது எண், நிறுவனப் பதிவுச் சான்று, நன்கொடை தேதி ஆகியவற்றை ஒரே கோப்பாக ஓடுபவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் தேடி அலைய வேண்டியிருந்தால் செய்யமாட்டார்.

இன்னொன்று: சில தளங்களில் நன்கொடையோடு தளத்துக்கான 'டிப்' ஒன்று தானாகச் சேர்ந்துகொள்ளும். கொடுத்தவர் அதை நிறுவனம் அடித்த கமிஷன் என்று நினைப்பார். மாற்றிக்கொள்ளலாம் என்பதை முன்பே சொல்லிவைத்தால் அந்தச் சண்டை வராது.

---

ஓரத்தில்நிற்பவர்

பனியன் பற்றி யாரும் பேசவில்லையே. பருத்தியில் தைக்காதீர்கள். வியர்வையில் கனத்து, அக்குளிலும் மார்பிலும் உரசிப் புண்ணாக்கும். ஓடுபவர் அதைக் கழற்றிவிட்டால் உங்கள் பெயரும் போச்சு. ஓட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே கையில் கொடுங்கள், நீண்ட ஓட்டத்தில் போட்டுப் பார்க்கட்டும். முன்பக்கம் ஓடுபவரின் பெயர் பெரிதாக இருந்தால் முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கத்துவார். எண் அட்டை குத்தும் இடத்துக்கு மேலே அச்சிடுங்கள், வயிற்றில் அச்சிட்டால் அட்டை மறைத்துவிடும். முதுகில் கியூஆர் குறி அச்சிடும் மோகம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருப்பவர் முதுகை யார் துரத்திப் போய் ஸ்கேன் செய்வார்? அதே குறியை ஓரத்தில் நிற்கும் தன்னார்வலர் பலகையில் வையுங்கள்.

உற்சாகக் குழுவை முடிவுக்கோட்டில் நிறுத்துவது வீண், அங்கே எல்லாரும் கத்துவார்கள். 30க்கும் 35 கி.மீ.க்கும் இடையில் நிறுத்துங்கள். உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து கால் நின்றுபோகும் இடம் அது. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை ஓடுபவர் மறக்கமாட்டார். அவரவர் பக்கத்துக்குப் போடத் தோதான படத்தையும் அங்கேயே எடுத்துவிடலாம்.

---

மைல்கல்

காயம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாற்பது பேரை எடுத்தால் சிலர் தாடை எலும்பு வலி, முழங்கால் வலி என்று வெளியேறுவது நிச்சயம். வந்த நன்கொடை திரும்பாது, இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா, முடிந்தால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், குறைந்தபட்சத் தொகை தள்ளுபடியாகுமா: இந்த நான்கும் முதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். ஓட முடியாதவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். "ஓட முடியவில்லை, ஆனால் நோயாளிகளின் செலவு நிற்கவில்லை" என்று அவர் எழுதும் செய்திக்கு நல்ல பலன் உண்டு.

---

நீளோட்டம்

மேலே 'தாடை' என்றது கீழ்க்கால் முன்னெலும்பு என்று எடுத்துக்கொள்கிறேன், மைல்கல் :) தாடை வலியால் யாரும் ஓட்டத்தை விட்டதாகத் தெரியவில்லை.

ஓட்டத்துக்குப் பிறகு: பக்கத்தை அன்றே மூடாதீர்கள், குறைந்தது ஒரு மாதம் திறந்திருக்கட்டும். "முடித்தால் தருகிறேன்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். பதக்கத்தோடு படம், முடித்த நேரம், இலக்குக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது, இவ்வளவும் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். பத்து நாள் கழித்துக் கடைசி நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நன்கொடை கொடுத்தவர்களிடம் தொடர்புக்கு ஒப்புதல் வாங்கியிருந்தால், மூன்று மாதத்தில் பணம் எங்கே போனது என்று அரைப் பக்கம் அனுப்புங்கள். அதை ஓடியவருக்கு ஒரு நாள் முன்னதாக அனுப்பினால், அவரே தன் ஆட்களுக்கு முதலில் சொல்லிக்கொள்வார்.