மூடி வைத்த மடிக்கணினி பைக்குள் கொதித்த கதை

பயணி27:
மூடியை இறக்கினேன், பைக்குள் தள்ளினேன், ரயில் ஏறினேன். எல்லோரும் செய்வதுதானே? மூன்று மணி நேரம் கழித்துப் பைக்குள் கைவிட்டால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் சுட்டது. மின்விசிறி உள்ளே கிடந்து இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சாக்லேட் கூழாகி, சார்ஜர் கம்பி முழுக்க அப்பியிருந்தது. கிளம்பும்போது 91 சதவீதம், திறந்தபோது 6. உறங்கச் சொன்னால் உறங்க வேண்டாமா? அந்த இரைச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி?

வெண்பலகை:
எனக்குச் சூடு இல்லை, அவமானம். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கியதும் சிக்கன முறை தானாக வந்தது. திரை மங்கியதைக் கவனித்தேன். கோப்புகளை இணையச் சேமிப்புக்கு அனுப்புவதையும் அது நிறுத்தி வைத்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் கூட்ட அறைக் கணினியில் திறக்கிறேன், அறிக்கை 9ஆம் பக்கத்தோடு முடிகிறது. இரவெல்லாம் எழுதிய மீதி 11 பக்கங்கள் வீட்டு மேசையில் கிடந்த கணினிக்குள். எதிரே ஐந்து பேர். "அவ்வளவுதானா?" என்றார் ஒருவர்.

பழையகணினி:
பயணி, தவறு உங்களுடையது. அணைத்துவிட்டுக் கிளம்புவதற்கு என்ன? 2009இல் வாங்கிய என் கணினி, மூடினால் பிணம்போல் கிடக்கும். ஒருமுறைகூடச் சுட்டதில்லை. அதில் உறக்கம் என்றால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் நிறுத்தம். இப்போது வரும் பலவற்றில் உறக்கம் என்பது கைபேசியின் திரையை அணைப்பது மாதிரிதான். அஞ்சல் பார்க்கவும் புதுப்பிப்பு இறக்கவும் உள்ளே அவ்வப்போது விழித்துக்கொள்ளும். பைக்குள் காற்று ஏது? சூடு அங்கேயே தங்கும். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். நினைவகத்தில் இருப்பதை அப்படியே வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். எழுவதற்குச் சில நொடிகள் கூடும், வட்டில் சில ஜிபி இடமும் போகும், பரவாயில்லை. மெனுவில் ஹைபர்னேட் தென்படாவிட்டால் பதறாதீர்கள், அதே இடத்தில் ஒரு பெட்டியைக் குறியிட்டால் வந்துவிடும். இன்னொன்று, எந்நேரமும் மின்சாரத்தில் செருகியே வைத்திருப்பவர் என்றால், வசதி இருந்தால் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி செய்யுங்கள். பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

வெண்பலகை:
பழையகணினி ஐயா, அவர் கேட்டது "வேறு யாருக்காவது இப்படி?" என்று மட்டும்தான். தவறு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழையகணினி:
நல்லது சொன்னால் குற்றமா?

பயணி27:
சண்டை வேண்டாம். மாற்றிவிட்டேன் ஐயா, நன்றி. சாக்லேட் வாடைதான் பையை விட்டுப் போகவில்லை.

அரைவரி:
அந்த ஹைபர்னேட்டை இவ்வளவு புகழாதீர்கள். ஓர் இரவு ஆத்திரத்தில் ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததும் அது தானாக ஹைபர்னேட் ஆகிவிட்டது. சார்ஜர் அலுவலகத்தில். சரி, தூங்கினால் ஆத்திரம் தணியும் என்று படுத்தேன், தணிந்தும்விட்டது. காலையில் மேலாளர் பக்கத்தில் நிற்க, சார்ஜரைச் செருகி, கடவுச்சொல்லைத் தட்டினேன். விட்ட இடத்திலேயே, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் எழுந்து நின்றது. "தங்களின் அறிவீனத்தை இனியும்" என்ற இடத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவர் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்.