ஆட்டோ லாகின் போட்டாச்சு, கீரிங் மட்டும் ஏன் இன்னும் பாஸ்வேர்டு கேட்குது?

கருந்திரை:
உபுண்டு லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், ஆட்டோ லாகின். டெஸ்க்டாப் தானாக வந்துவிடும். குரோமைத் திறந்ததும் திரை மங்கி நடுவில் அந்தப் பெட்டி: நீங்கள் நுழைந்தபோது லாகின் கீரிங் திறக்கப்படவில்லை, பாஸ்வேர்டு கொடுங்கள். கேன்சல் அடித்தால் அடுத்த ஆப் கேட்கும். இது பக் இல்லை. கீரிங் என்பது ஆப்களின் பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் பூட்டி வைக்கும் பெட்டகம். கீரிங் ஃபைலைப் பூட்டியிருப்பதே லாகின் பாஸ்வேர்டுதான். நாம் அடிக்கும் நொடியில், லாகினைச் சரிபார்க்கும் பேம் அமைப்பின் மாட்யூல் அதை வாங்கிக் கீரிங்கைத் திறக்கும். யாரும் எதையும் அடிக்காத ஆட்டோ லாகினில் அது எதை வாங்கும்? கைரேகை வைத்து நுழைந்தாலும் இதேதான்.

பழையபூட்டு:
ஆட்டோ லாகின் இல்லாமலும் இந்தப் பெட்டி வரும். சுடோ போட்டு ரூட் (நிர்வாகி) வழியாக யூசர் பாஸ்வேர்டை மாற்றினால் கீரிங் பழைய பாஸ்வேர்டிலேயே நின்றுவிடும், ஏனென்றால் ரூட்டிடம் யாரும் பழையதைக் கேட்பதில்லை. சிஸ்டம் பதிவேடான ஜர்னலில் ஜிகேஆர்-பேம் என்று தேடுங்கள். பாஸ்வேர்டு தவறு என்றிருந்தால் இந்தக் கேஸ். பாஸ்வேர்டே கிடைக்கவில்லை என்றிருந்தால் மேலே சொன்னது. கீரிங்கை நிர்வகிக்கும் சீஹார்ஸ் ஆப்பைத் திறந்து, லாகின் மேல் ரைட் கிளிக், பாஸ்வேர்டு மாற்று: முதலில் பழையது, பிறகு இப்போதைய லாகின் பாஸ்வேர்டு. பழையது மறந்தே போயிருந்தால் கீரிங் ஃபைலை அழிக்கத்தான் வேண்டும். ஆனால் குரோமின் சாவியும் அதற்குள்தான் இருக்கிறது. அது போனால் குரோம் அந்தக் கணினியில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் படிக்க முடியாது.

சட்டுனு:
இவ்வளவு எதுக்கு? சீஹார்ஸ்ல புது பாஸ்வேர்டைக் காலியா விட்டு ஓகே குடுங்க. பெட்டியே வராது.

நீலக்கோடு:
@சட்டுனு, வராதுதான். அப்படிச் செய்தால் கீரிங் என்க்ரிப்ட் ஆகாமல் டிஸ்கில் கிடக்கும் என்று சீஹார்ஸே எச்சரிக்குமே, அதைப் படிக்காமலா ஓகே? டிஸ்கும் என்க்ரிப்ட் ஆகாத லேப்டாப் என்றால் ஒரு லைவ் யுஎஸ்பி (அதிலிருந்தே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) போதும், எடிட்டரில் திறந்து படித்துவிடலாம். குரோமுக்கு பாஸ்வேர்டு ஸ்டோர் பேசிக் என்று ஆப்ஷன் கொடுப்பதும் கிட்டத்தட்ட இதே தரம்தான். அதிலும் ஏற்கெனவே கீரிங் சாவியில் சேமித்தவை படிக்க வராது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டிஸ்கை லக்ஸில் (லினக்ஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) என்க்ரிப்ட் செய்தவர்களுக்கு ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. கணினி பூட் ஆகும்போது அடிக்கும் டிஸ்க் பாஸ்வேர்டை, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி கொஞ்ச நேரம் கர்னலில் வைத்திருக்கும். க்னோமின் லாகின் திரையான ஜிடிஎம்மின் ஆட்டோ லாகின் பேம் ஃபைலில் ஆத் பகுதியில் முதலில் பேம்-ஜிடிஎம் வரி, அதன் கீழே க்னோம் கீரிங் வரி, இரண்டும் ஆப்ஷனல். வரிசை மாறினால் கீரிங் வெறுங்கையோடு நிற்கும். செஷன் பகுதியில் கீரிங் வரியோடு ஆட்டோ ஸ்டார்ட். கீரிங் பாஸ்வேர்டும் டிஸ்க் பாஸ்வேர்டும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். டிஸ்க் திறக்கும் முன் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சிஸ்டம்டி இல்லாவிட்டால் இது நடக்காது. டிபிஎம் பாதுகாப்பு சிப் தானாக டிஸ்கைத் திறக்கும் மெஷினிலும் நடக்காது, அங்கேயும் யாரும் எதையும் அடிப்பதில்லையே.

கேடிஇ_வாசி:
எல்லாரும் க்னோமையே பேசுறீங்க. கேடிஇ டெஸ்க்டாப்போட கீரிங்கான கேவேலட்ல சிக்கல் வேற இடத்துல. வேலட் பேரு கேடிஇவேலட்னே இருக்கணும், வேற பேர்ல எத்தனை வச்சிருந்தாலும் பேம் தொடாது. முதல் தடவை விசார்ட் கேட்கும்போது என்க்ரிப்ஷன் முறையா ஜிபிஜி தேர்ந்தெடுத்தா லாகின்ல திறக்காது, ப்ளோஃபிஷ்தான் எடுக்கணும். பாஸ்வேர்டும் லாகினோடதே. ஃபயர்ஃபாக்ஸ்காரங்க இந்த வம்புக்கே வர வேண்டாம், அது பாஸ்வேர்டை இது ரெண்டுலயும் வைக்கிறதில்ல.